சுவர் தின்ற இடம்

லாரியில் காங்கிரீட் குறைவாகவே வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்படி நினைத்த மறுகணமே செண்பகவல்லிக்கு உடம்பு கூசியது. நினைத்ததை யாராவது கேட்டுவிட்டார்களோ என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள். வேலையாட்கள் தளத்தின் அந்தக் கோடியில் குந்தி, உள்ளங்கையில் புகையிலை கசக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது வேலை. நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது.

அவள் காலடியில் காங்கிரீட் நின்றுபோயிருந்தது. அதுவரை ஈரச் சாம்பல் நிறத்தில் யானைத் தோல் போல விரிந்து வந்தது, அடுத்த அடியில் இல்லை. கட்டம் கட்டமாகக் கம்பி. கம்பிக்குக் கீழே, காங்கிரீட்டைத் தாங்க அடித்த சென்டரிங் பலகை. தென்கிழக்கு மூலையில் ஓர் அறை அளவுக்கு வெறுமை.

அந்த மூலைக்குக் கீழேதான் மாலதி அக்காவின் அடுப்படி வரப்போகிறது.

மாலதி, நெல்லையப்பனின் மனைவி. நெல்லையப்பன், செண்பகவல்லியின் கணவன் மகேஷ்குமாருக்கு அண்ணன். தாராவியில் ஒரே அறையில், கீழே அண்ணன் குடும்பம், மேலே பலகையடித்த மாடத்தில் தம்பி குடும்பம் என்று காலம் தள்ளியவர்கள். டெம்போ ஓட்டியே செம்பூரில் ஒரு துண்டு நிலம் பிடித்து, இன்று கூரைக்குச் சிலாப் போடும் அளவுக்கு வந்துவிட்டார் நெல்லையப்பன். அவர் வாயைத் திறந்தால் இரண்டு பேச்சுத்தான். ஒன்று இந்த வீடு. இன்னொன்று, "எங்க வீட்டு எஞ்சினியர்."

வாஷியில் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் எஸ்டிமேட் போடுகிறவள் செண்பகவல்லி. "டிப்ளமோதான் அத்தான்" என்று அவள் திருத்துவாள். "அதெல்லாம் ஒண்ணுதாம்மா" என்பார் அவர்.

சென்ற மாதம் அஸ்திவாரம் போட்ட அன்று அந்தப் பட்டம் உறுதியாகிவிட்டது. அன்றைக்கு அவள் சுரிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஒவ்வொரு குழியிலும் இறங்கினாள். வரைபடத்தை நம்பவில்லை. ஒரு குழியில் களிமண் சரிந்து வாய் அகன்றிருந்தது. இன்னொன்றில் பாறை தட்டி ஆழம் குறைந்திருந்தது. எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்து, நீளம், அகலம், ஆழம் பெருக்கி, சிந்திச் சிதறுவதற்கென்று கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள். அவள் சொன்ன அளவுதான் லாரியில் வந்தது. கடைசிக் குழி நிரம்பியபோது லாரியின் வயிறும் காலியாகியிருந்தது. அரைச் சட்டிகூட மிஞ்சவில்லை.

அந்த அரைச் சட்டிக் கதையை நெல்லையப்பன் தாராவி முழுக்கச் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் செண்பகவல்லியைப் பார்த்துச் சிரித்தபோது அவளுக்கும் உள்ளுக்குள் இனித்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? இனித்தது.

அந்த இனிப்போடுதான் போன வாரம் ரயிலில் உட்கார்ந்திருந்தாள்.

வாஷியிலிருந்து திரும்பும் ரயில். பெண்கள் பெட்டி. பக்கத்தில் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஜோயா. மான்குர்த் தாண்டியபோது நெல்லையப்பன் போன் செய்தார்.

"செம்பகம், மேல சிலாப்புக்கு எம்புட்டும்மா வேணும்? லாரிக்காரப் பரீத் மாமா இப்பமே சொல்லணுங்காரு. காங்கிரீட் பிளான்ட்டுல நம்பர் போடணுமாம்."

"வீட்டுக்கு வந்து பாத்துச் சொல்லுதேன் அத்தான்."

"உனக்கு எதுக்கும்மா பாக்கணும்? நம்ம வீடு தெரியாதா? முன்னூத்தி நாப்பது கார்பெட்!"

முன்னூற்று நாற்பது கார்பெட். எத்தனை மாதமாகக் காதில் விழுந்த எண். பால்காரரிடம் சொன்னார், சங்கத்துக் கூட்டத்தில் சொன்னார், கோயில் ஐயரிடம் சொன்னார். மும்பையில் வீட்டைப் பற்றி யார் பேசினாலும் கார்பெட்தான். சுவரெல்லாம் போக, கால் வைத்து நடமாட எவ்வளவு தரை மிஞ்சுகிறது என்கிற கணக்கு.

ஜோயா பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். முன்னூற்று நாற்பது சதுர அடி. ஐந்து அங்குலக் கனம். சைட்டில் கன மீட்டரைச் சுருக்கி மீட்டர் என்பார்கள். அந்தக் கணக்கில் நாலு மீட்டர். பீம்களுக்கு அவள் ஏற்கெனவே வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தது இரண்டு. மொத்தம் ஆறு. ஒரு லாரி சுமப்பதும் ஆறு. சிதறலுக்குக் கொஞ்சம் சேர்த்தால் இன்னொரு லாரி என்று ஆகும். அழகு கெட்டுப்போகும்.

"ஆறு மீட்டர் அத்தான். ஒரே வண்டி. கரெக்டா வரும்."

"பாத்தியா!" என்று அந்தப் பக்கம் யாரிடமோ அவர் கூவியது கேட்டது.

"தீதி, பேப்பர்கூட இல்லாம எப்பிடி?" என்றாள் ஜோயா, தன் தட்டுத்தடுமாறிய தமிழில்.

அதற்கு அவள் எப்படிச் சிரித்தாள் என்பது இப்போது இந்தப் பலகை மேல் நிற்கையில் ஞாபகம் வந்தது. முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

சற்றுமுன் லாரியின் கலவை டிரம் காலியாகச் சுற்றத் தொடங்கியதும் அவள்தான் முதலில் ஏணியில் ஏறி வந்தாள். டேப்பை விளிம்பிலிருந்து விளிம்புக்குப் பிடித்தாள். நீளம் இருபத்தேழு அடி. குறுக்கே பதினாறு. பெருக்கி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. நானூறுக்கும் மேலே.

சிலாப் சுவருக்குள் அடங்குவதில்லை. சுவர் நிற்கிற இடத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறது. முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். தூண்களுக்கு நடுவே இன்னும் எழும்பாத சுவர்கள், ஒரு செங்கல்கூட வந்து இறங்காத சுவர்கள், அவளுடைய கணக்கில் ஓர் அறையைத் தின்றுவிட்டன.

"மேடம்!" என்று மிஸ்திரி கூப்பிட்டார். இந்தியில் கேட்டார்: போட்டதையே இழுத்து மெல்லிசாகப் பரப்பி மூலையை மூடிவிடட்டுமா? வீட்டுக்கார ஸேட் கீழேயிருந்து அப்படித்தான் சொல்கிறார்.

"நஹி!" என்றாள். தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "ஐந்து அங்குலம் ஐந்து அங்குலமாகவே இருக்கணும். ஒரு பலகை வச்சு விளிம்பை நேரா நிறுத்துங்க. சாய்வா வழிய விடாதீங்க."

மிஸ்திரி தோளைக் குலுக்கிக்கொண்டு ஆட்களை எழுப்பினார். இதையாவது சரியாகச் சொன்னோம் என்று ஒரு சிறு நிம்மதி எழுந்தது. அந்த நிம்மதிக்காகவும் வெட்கப்பட்டுக்கொண்டே இறங்கினாள்.

கீழே கல்யாண வீடு போலக் கூட்டம். சிலாப் போடுகிற அன்று சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, வேலையாட்களோடு சேர்த்துச் சாப்பாடு போடுவது அவர்கள் வழக்கம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் தாராவியிலிருந்து வந்த சனம். ஓர் அண்டாவில் பிரியாணி. மாலதி அணுசக்தி நகர் கேன்டீனில் லீவு சொல்லிவிட்டு, விடியலில் எழுந்து கேசரி கிண்டியிருந்தாள். அந்தக் கேசரி பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில், பாதி பரிமாறிய நிலையில் இருந்தது. எல்லோரும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாரியின் சாவி நெல்லையப்பன் கையில் இருந்தது.

"சாவியக் குடுங்கண்ணே," என்று கெஞ்சிக்கொண்டிருந்தான் டிரைவர் அல்தாப். லாரி ஷேக் பரீதுடையது. அல்தாப் அவருடைய அக்கா மகன். "டிரம் ஓடணும். தண்ணி ஊத்திக் களுவணும். உள்ள ஒட்டிட்டிருக்கது காஞ்சிட்டுன்னா வண்டியே வீணாப் போயிரும்ணே."

"காயட்டும். என் சிலாப்பு காயலையா?"

"அஞ்சு மணிக்கு மேல பெரிய வண்டிய ரோட்டுல விடமாட்டானுவண்ணே."

"உங்க மாமா வரட்டும். வந்து ஒரு மீட்டரு மால் எங்கன போச்சுன்னு சொல்லட்டும். அப்பறம் நீ போ."

செண்பகவல்லியைக் கண்டதும் நெல்லையப்பனின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நீயே சொல்லும்மா. ஆறு மீட்டரு வந்திருந்தா கொறையுமா? குழியில அரைச் சட்டி மிஞ்சல! அரைச் சட்டி! என் தம்பி பொண்டாட்டி கணக்கு தப்புமாடே?"

அந்த இடம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறந்தாள். எதிரே பதினைந்து இருபது முகங்கள். சங்கத்துச் செயலாளர் வானமாமலைச் சித்தப்பா, அவர் மனைவி, போன பொங்கலுக்கு அவளை மேடையில் நிறுத்திச் சால்வை போட்டவர்கள்.

"அங்க... விளிம்ப நேரா நிறுத்தச் சொல்லியிருக்கேன் அத்தான்," என்றாள்.

"அதான். அவளுக்குத் தெரியும்," என்றார் நெல்லையப்பன்.

வானமாமலை வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "இதுக்கு எதுக்குடே எஞ்சினியரு? பாய்மாரு யாவாரமே அப்பிடித்தான். தராசுல ஒரு வெரல வச்சேதான் நிறுப்பானுவ."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அல்தாப் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு லாரியின் படியில் போய் உட்கார்ந்தான். மாலதி அவன் கையில் ஒரு தட்டுக் கேசரியைத் திணித்திருந்தாள். அவன் அதைத் தொடாமல் மடியில் வைத்திருந்தான்.

சித்தப்பா, தப்பு என்னுடையது. இவ்வளவுதான் வாக்கியம். செண்பகவல்லி அதை மனத்துக்குள் முழுசாகச் சொல்லிப் பார்த்தாள். தன் மௌனத்தில் ஏறி நின்றுகொண்டு ஒரு மனிதர் இன்னொரு மனிதனின் சாதி சனத்தையே இழிவாகப் பேசிவிட்டார். அவள் துப்பட்டாவின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

மகேஷ் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். குர்லாவில் லேத் பட்டறையில் வேலை அவனுக்கு. அரை நாள் விடுப்புக் கேட்டு வந்திருந்தான். அவள் போய் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"என்ன? மொகம் ஏன் இப்பிடி இருக்கு?"

"லாரி சரியாத்தான் வந்திருக்கு."

"என்னது?"

"ஆறு கேட்டோம். ஆறு வந்திருக்கு. ஏழு வேணும். ஏழுக்கும் மேல." எச்சிலை விழுங்கினாள். "நான் கார்பெட்ட வச்சுக் கணக்குப் போட்டுட்டேன்."

மகேஷ் லேத்தில் வேலை செய்கிறவன். அளவு என்றால் அவனுக்குப் புரியும். ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு தளத்தைப் பார்த்தான். கண்களால் விளிம்பை ஒருமுறை சுற்றி வந்தான்.

"செவரு?" என்றான் மெதுவாக.

"ஆமா."

"அய்யய்ய... ஏ செம்பா!" தலையில் கையை வைத்துக்கொண்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "வேற யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல. இப்பம் போய்ச் சொல்லப் போறேன்."

"இரு. இரு. இப்பம் வேண்டாம். இத்தன சனத்துக்கு முன்னால அண்ணன் அந்தப் பையன் சாவியப் புடுங்கி வச்சிருக்கு. இப்பம் போயி நம்ம தப்புன்னா அண்ணன் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்கும்?"

"அதுக்காவ?"

"பரீத் மாமா பெரிய ஆளு. தாங்குவாரு. பிளான்ட்டுல ஒரு கம்ப்ளெயின்ட், சல்தா ஹை, ஓடிரும். ஒரு வாரம் கழிச்சு நானே போயி அவர்ட்ட தனியாச் சொல்லுதேன். சரியா?"

"கொறச்சுக் குடுத்தாருன்னு எழுதிட்டா அவரு வண்டிய பிளான்ட்டுல எடுக்க மாட்டாங்க. எங்க ஆபீசுலயே அப்பிடி ரெண்டு பேர நிறுத்தியிருக்கோம். எனக்குத் தெரியாதா?"

"எனக்கு என்ன தெரியும்னா," என்றான் மகேஷ், "அண்ணன் உன்னத் தலையில தூக்கி வச்சு ஆடுது. கல்யாணம் ஆன புதுசுல உன்ன மேல படிக்க வைக்கணும்னு நின்னது அதுதான். நான் இல்ல. அந்த அண்ணன இன்னிக்கு நடுத் தெருவுல உக்கார வைக்காத."

அவன் போய்விட்டான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை.

தொட்டியின் விளிம்பில் கைகளை ஊன்றிக்கொண்டு நின்றாள். தண்ணீரில் முகம் ஆடியது. தப்புச் செய்ததற்காகவா இவ்வளவு கூசுகிறது? இல்லை. ஆபீசில் தப்பு வந்திருக்கிறது. அடித்து எழுதிவிட்டு அடுத்ததைப் பார்த்திருக்கிறாள். இது வேறு. குழிக்குள் சேற்றில் இறங்கி அளந்தவளும், ரயிலில் கண்ணை மூடிக் கணக்குச் சொன்னவளும் ஒரே ஆள்தான். முதல் ஆளின் உழைப்புக்குக் கிடைத்த பாராட்டை இரண்டாவது ஆள்தான் வாங்கிக்கொண்டாள். அவளும் அந்த ஆளைத்தான் அதிகமாக விரும்பியிருந்தாள். அதுதான் வெட்கம்.

"ஏட்டி, இங்கன என்ன செய்த?"

மாலதி பின்னால் வந்து நின்றாள். கையில் காலிக் கரண்டி. நெற்றியில் வியர்வை, கன்னத்தில் நெய்.

"ஒண்ணுமில்லக்கா."

"எனக்கு மட்டும் அடுப்படிக்கு ஆகாசத்த வச்சுட்டீங்களேட்டி எல்லாருமாச் சேந்து!" என்று சிரித்தாள் மாலதி. "போவுது. பொகை போறதுக்குத் தோதாப் போச்சு. எக்ஸாஸ்ட் பேன் மிச்சம்."

செண்பகவல்லி சிரிக்க முயன்றாள். உதடு கோணியது.

"அழுவாதட்டி. ஒரு மூலதானே! நாளைக்கு இன்னொரு லோடு அடிச்சா சேந்துட்டுப் போவுது."

"சேராதுக்கா. காஞ்சதும் பச்சையும் அப்பிடிச் சேராது. சேந்த மாதிரிக் காட்டும். டிசைன் போட்ட சாரக் கூப்பிட்டுக் காட்டணும். அவரு ஒடைக்கணும்னா கொஞ்சம் ஒடைக்கத்தான் வேணும்."

மாலதியின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. ஆனால் அவள் கேட்டது வீட்டைப் பற்றியல்ல.

"பரீத் மாமா வந்துட்டாரு. தெருமுனையில ஸ்கூட்டர நிப்பாட்டுதாரு. நீ பாத்தேல்லா? பாத்துட்டுத்தானே இந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்ட?"

"இல்லக்கா."

"பாத்தட்டி. நான் பாத்தேன் நீ பாத்தத." மாலதி கரண்டியை அவள் பக்கம் நீட்டினாள். "அந்த மனுசன் மொகத்த நீ எதுக்குப் பாக்க மாட்டேங்க?"

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் அங்கே சத்தம் எழும்பிவிட்டது.

ஷேக் பரீத் வெள்ளைத் தொப்பியும் வியர்வையில் நனைந்த சட்டையுமாக, லாரிக்கும் நெல்லையப்பனுக்கும் நடுவில் நின்றிருந்தார். நெல்லையப்பனின் அப்பாவுக்குக் கூட்டாளி அவர். இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மாமா. பருத்த உடம்பு, மெல்லிய குரல்.

"நெல்லை, மொதல்ல சாவியக் குடுப்பா. வண்டி என்ன பாவஞ் செஞ்சுச்சு?"

"மாமா, உங்க மேல எனக்கு மரியாத உண்டு. ஆனா நீங்க சொல்லுங்க. ஆறு மீட்டர்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. ஆறுதான் ஏத்திருக்கு. ஏத்தும்போது நான் நின்னேன் பிளான்ட்டுல."

"அப்பம் ஒரு ரூமு அளவுக்கு மால் எங்க போச்சு? நடுவுல குர்லாவுல எங்கயும் எறக்குனீங்களா?"

அல்தாப் படியிலிருந்து எழுந்தான். தட்டு கீழே விழுந்தது. பரீத் கையை மட்டும் பின்னால் நீட்டி அவனை உட்காரச் சொன்னார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நெல்லை. உங்கப்பன் இருந்திருந்தா இந்த வார்த்த வந்திருக்காது."

"அப்பாவ இழுக்காதீங்க மாமா. கணக்கு பேசுவோம். என் வீட்டு எஞ்சினியர் கணக்குல இந்த வண்டியில வந்தது அஞ்சுதான். அவளே சொல்லட்டும். செம்பகம்! எங்க போயிட்டா? செம்பகம்!"

கூட்டம் விலகியது. அவள் நடந்து வந்தாள். மகேஷ் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று அவளையே பார்த்தான். தலையை மிக மெல்ல, இல்லை என்பதுபோல ஆட்டினான். எதற்கு இல்லை என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

நெல்லையப்பன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பிளான்ட் மேனேஜரை ஏற்கெனவே லைனில் பிடித்து வைத்திருந்தார். வட இந்தியக் குரல், பின்னால் இயந்திரச் சத்தம். ஆங்கிலம் பேசத் தெரிந்த ஒருவர் பேசினால்தான் எடுபடும் என்று வானமாமலை சொல்லிக்கொடுத்திருந்தார்.

"சொல்லும்மா. இங்கிலீஷ்ல நல்லா அழுத்திச் சொல்லு. சைட்டுக்கு வந்தது அஞ்சு, ஆறு இல்ல. நான் எஞ்சினியரு, நான் அளந்து பாத்துட்டேன்னு சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

ஷேக் பரீத் அவள் பக்கம் திரும்பினார்.

"இது நல்லது," என்றார். கோபம் இல்லை. களைத்துப்போன குரலாக இருந்தது. "மருமவ சொல்லட்டும். அந்தப் புள்ள சொல்லிட்டா எனக்கு மறுபேச்சு இல்ல நெல்லை. கொறஞ்சிருக்குன்னு அவ சொன்னா கொறஞ்சிருக்கு. பிளான்ட்டுல எவனோ என் கண்ணக் கட்டியிருக்கான்னு நான் ஒத்துக்கிடுதேன். வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி நிப்பாட்டிருதேன். அவ குழியில எறங்கி அளந்தத நான் பாத்திருக்கேன்."

அவள் கண்கள் தரையில் இருந்தன. தரையில் அல்தாப்பின் கேசரி கொட்டிக் கிடந்தது. முந்திரி ஒன்று சிமெண்டுப் பாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. இவர்கள் எல்லோருமே தன்னை நம்புகிறார்கள் என்பது எவ்வளவு பயங்கரமானது என்று தோன்றியது. அத்தான் நம்பி ஒரு மனிதரைத் திருடன் என்கிறார். அந்த மனிதர் நம்பித் தன்னைத் திருடன் என்று ஒத்துக்கொள்ளத் தயாராக நிற்கிறார். நடுவில் அவளுடைய ஒரு வார்த்தை.

"ஹலோ?" என்றது போன். "மேடம், ஐ ஆம் லிசனிங்."

"சொல்லும்மா," என்று போனை அவள் கையருகில் கொண்டுவந்தார் நெல்லையப்பன். அந்தக் கையில் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்த தடம். அவளுடைய பரீட்சைக்குப் பணம் கட்ட வரிசையில் நின்ற கை.

அவள் போனை வாங்கவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் நிற்கிற பிள்ளை போல.

"என்னம்மா?"

மேலே தளத்தில் மிஸ்திரி விளிம்புக்குப் பலகை வைத்து அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. அது நிற்கட்டும் என்று காத்திருந்தாள். நின்றது.

"சொல்ல மாட்டேன் அத்தான்."

தனக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்த குரல். ஆனால் அங்கே அதைக் கேட்காதவர்கள் யாரும் இல்லை. மகேஷ் தூணிலிருந்து கையை எடுத்தான். மாலதியின் கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் நின்றது. வானமாமலை மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"என்னம்மா சொல்லுத? ஏன் சொல்ல மாட்டே?"

"ஹலோ, ஹலோ?" என்றது போன்.

செண்பகவல்லி தலையை நிமிர்த்தி, அன்று முதல் முறையாக, ஷேக் பரீதின் முகத்தைப் பார்த்தாள்.